ஜித்தாவின் மூன்று காவலர்

அரபு மொழியில் விமான நிலையத்தை 'மதார்' என்பர். 'தார' (பறந்தான்) என்னும் வினையினின்று பிறந்த இடப்பெயர் அது. பறக்குமிடம் என்பது பொருள். 'துவலீ', அதாவது சர்வதேச, என்னும் அடைமொழி அதனுடன் சேர்ந்தால் அங்கே மூன்று காவலர் வந்து நிற்பர். வந்தவர் யாரென வினவுபவர் ஒருவர். கொண்டுவந்தது யாதெனப் பார்ப்பவர் ஒருவர். நோய் எதுவும் உடன்வந்ததோ என ஆராய்பவர் ஒருவர். ஓடுபாதை எத்துணை நீண்டதாயினும் இவர்கள் இல்லாத நிலையம் உள்நாட்டு நிலையமே.

1944-இல் சிகாகோவில் கையெழுத்தான விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 10-ஆம் விதி சுங்கச் சோதனைக்குரிய நிலையங்களைப் பற்றியது. 14-ஆம் விதியோ காலரா, பெரியம்மை, பிளேக் முதலியவற்றைப் பெயர் சுட்டியே கூறுகிறது. வானூர்திச் சட்டத்தில் காலராவுக்கு என்ன வேலை என்று வியக்கலாம். இம்மூவரும் துறைமுகத்திலிருந்து வந்தவர்கள் என்பதே விடை.

ஹிஜ்ரி 26-இல் கலீஃபா உதுமான் (ரலி) அவர்கள் மக்காவின் துறைமுகமாக்கிய ஜித்தாவையே பாருங்கள். 1865-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது பரவிய காலரா எகிப்து வழியாக ஐரோப்பாவை எட்டியது. மறு ஆண்டே கான்ஸ்டாண்டிநோபிளில் சர்வதேச சுகாதார மாநாடு கூடிற்று. 1882-இல் செங்கடலின் கமரான் தீவில் உஸ்மானிய அரசு தடுப்பு நிலையம் அமைத்தது. இந்தியாவிலிருந்து கப்பலேறிய நம் முன்னோர் அத்தீவில் இறக்கப்பட்டனர்; அவர்தம் ஆடைகளும் மூட்டைகளும் கிருமிநீக்கம் செய்யப்பட்டன; அதற்கான கட்டணமும் அவர்களிடமே பெறப்பட்டது. நோய் மெய்யானதே, மறுப்பதற்கில்லை. ஆயினும், ஐரோப்பாவின் அச்சத்துக்கு ஏழை ஹாஜியும் விலை கொடுத்தார் என்பதை மறைப்பதற்குமில்லை.

1981-இல் ஜித்தாவில் புதிய சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. அதன் ஹஜ் முனையத்துக்கு 210 கூடாரங்களே கூரை. டாக்காவில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் அதன் அமைப்பில் பெரும்பங்கு கொண்டவர். சோதனைக்குப் பின் காத்திருக்கும் ஹாஜிக்கு நிழலேனும் வேண்டும் என்று எண்ணிய கட்டடம் அது; கமரானை அறிந்தோர்க்கு அதன் அருமை விளங்கும். இந்தியாவிலிருந்து சென்ற ஹஜ் கப்பல்களும் 1995-உடன் நின்றுபோயின.

2017-இல் சவூதி அரசு 'தரீக்கு மக்கா' என்னும் ஏற்பாட்டை மலேசியாவில் தொடங்கியது. ஜித்தாவில் நடக்கவேண்டிய சோதனைகள் கோலாலம்பூரிலேயே முடிந்துவிடுகின்றன. காவலரே ஹாஜியின் ஊருக்கு வந்துவிட்டார். மூன்றாமவர் மட்டும் இன்னும் கண்டிப்பானவர்தாம்: மூளைக்காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் ஹஜ்ஜுக்கு அனுமதியில்லை.