வீல்பேஸ் (பந்தயக் கார்)

வீல்பேஸ் என்பது காரின் முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடையே உள்ள தூரம். காரின் மொத்த நீளம் வேறு, இது வேறு. பந்தயக் கார் நேர்ப்பாதையில் எவ்வளவு நிலையாக ஓடும், வளைவில் எவ்வளவு சட்டென்று திரும்பும் என்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. கோ-கார்ட்டுக்கு வீல்பேஸ் சுமார் 1 மீட்டர். நேர்ப்பாதையில் மட்டுமே சீறும் டாப் ஃபியூயல் டிராக்ஸ்டருக்கு 7.62 மீட்டர் வரை போகும்.

எடை இடம்பெயர்தல்

பிரேக் பிடிக்கும்போது பின் சக்கரங்கள் தாங்கும் சுமையில் ஒரு பகுதி முன் சக்கரங்களுக்கு மாறுகிறது. வீல்பேஸ் குறையக் குறைய இந்த மாற்றம் கூடும். 800 கிலோ எடையுள்ள காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். புவியீர்ப்பைப் போல் 4 மடங்கு விசையில் வேகம் குறைந்தால், 3.6 மீட்டர் வீல்பேஸில் சுமார் 267 கிலோ முன்னால் சாயும். 3 மீட்டரில் 320 கிலோ. அந்த அளவுக்குப் பின் டயர்களின் பிடி தளரும்.

வளைவுகள்

ஒரே வளைவைக் கடக்க, நீண்ட காரின் முன் சக்கரங்களை அதிகம் திருப்ப வேண்டும். குட்டையான கார் உடனே திரும்பும். பின்பக்கம் வழுக்கினால் ஓட்டுநருக்குச் சமாளிக்கக் கிடைக்கும் நேரமும் குறைவு. வளைந்து நெளியும் ராலி பாதைகளுக்குக் குட்டை வீல்பேஸ் பொருந்தும். 2.18 மீட்டர் கொண்ட லான்சியா ஸ்ட்ராடோஸ், 1974 முதல் 1976 வரை உலக ராலி தயாரிப்பாளர் பட்டத்தைத் தொடர்ந்து வென்றது. ஆடி நிறுவனமும் 1984-இல் தன் குவாட்ரோவை 32 செ.மீ. வெட்டிக் குறைத்தது.

ஃபார்முலா 1

2010-இல் பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்பத் தடை வந்ததும், பெரிய டேங்குக்கு இடம் தேவைப்பட்டுக் கார்கள் நீண்டன. நீண்ட அடித்தளம் காரைத் தரையோடு அழுத்தும் டவுன்ஃபோர்ஸையும் கூட்டியது. 2017-இல் மெர்சிடிஸ் காரின் வீல்பேஸ், ஃபெராரியுடையதைவிட 10 செ.மீ.க்கும் மேல் கூடுதல். குறுகிய தெருக்களால் ஆன மொனாகோவில் ஃபெராரி முதல் இரு இடங்களையும் பிடித்தது. அதிவேகப் பாதையான மோன்சாவில் மெர்சிடிஸ் அதையே செய்தது. ஆண்டு முடிவில் இரு பட்டங்களும் மெர்சிடிஸுக்கே.

எல்லாப் பாதைக்கும் பொருந்தும் ஒரே வீல்பேஸ் கிடையாது. 2022-இல் உச்சவரம்பு 3,600 மி.மீ. என வகுக்கப்பட்டது. சுறுசுறுப்பான கார்கள் வேண்டும் என்பதால் 2026 விதிகள் அதை 3,400 மி.மீ. ஆகக் குறைத்துள்ளன.