குவார்ட்ஸ் மேடையில் மஞ்சள்: நீர் உறிஞ்சல் அளவைப் படிக்கும் முறை குறித்து

குவார்ட்ஸ் சமையல் மேடை கறையைத் தாங்குமா என்பதை அதன் நீர் உறிஞ்சல் அளவை வைத்தே முடிவுகட்டுவது இத்துறையில் வழக்கமாகிவிட்டது. இஎன் 14617-1 தரமுறைப்படி சோதித்தால் நல்ல பலகை தன் எடையில் 0.05 விழுக்காட்டுக்கும் குறைவாகவே நீரை ஏற்கிறது. கிரானைட்டுக்கு ஏஎஸ்டிஎம் சி615 அனுமதிக்கும் உச்சவரம்பு 0.40 விழுக்காடு. நுண்துளை இல்லாததால் கறைக்கு இடமில்லை என்று முந்தைய ஆய்வுகள் இதிலிருந்து முடிவு செய்தன. காபிக்கும் புளிக்கரைசலுக்கும் அம்முடிவு பெருமளவு பொருந்துகிறது, மஞ்சளுக்குப் பொருந்தவில்லை.

எண்ணில் பிழையில்லை. அது எந்தக் கேள்விக்கு விடை என்பதில்தான் கருத்து வேறுபடுகிறேன். பலகைத் துண்டை நீரில் ஊறவைத்து எடைபோடும் இச்சோதனை, நீர் புகக்கூடிய வெற்றிடம் எவ்வளவு என்பதை மட்டுமே அளக்கிறது. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினோ நீரில் ஏறத்தாழக் கரையாதது. எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் கரைவது. தாளித்த எண்ணெயோடு மேடையில் சிந்தும் குர்குமினுக்கு உள்ளே செல்லத் துளை தேவையில்லை. குவார்ட்ஸ் துகள்களைப் பிணைக்கும் பாலியெஸ்டர் ரெசினிலேயே அது கரைந்து, மூலக்கூறு மூலக்கூறாகப் பரவ முடியும். நீர் நுழையாத பொருளில் எண்ணெய்நாட்டமுள்ள சாயம் நுழைவதில் முரண் ஏதுமில்லை. மஞ்சள் பட்ட பிளாஸ்டிக் டப்பாவே இதற்குச் சான்று.

ரெசின் மிகச் சொற்பம் என்ற மறுப்பு உடனே எழும். "93 விழுக்காடு குவார்ட்ஸ்" என்று விற்பனை ஏடுகள் அச்சிடுவதை ஆய்வேடுகளும் அப்படியே எடுத்தாள்கின்றன. அது எடைக் கணக்கு. குவார்ட்ஸின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம், இறுகிய பாலியெஸ்டருக்கு ஏறக்குறைய 1.15. இவற்றைக் கொண்டு பருமனுக்கு மாற்றினால் எடையில் 7 விழுக்காடாக இருக்கும் ரெசின் சுமார் 15 விழுக்காடாகிறது. எடையில் 10 என்றால் 20-ஐத் தொடுகிறது. சீராகக் கலந்த ஒரு பொருளை வெட்டினால், வெட்டுமுகத்தில் ஒவ்வொரு கூறும் பெறும் பரப்பு விகிதம் அதன் பரும விகிதத்துக்குச் சமம் என்று பிரெஞ்சு நிலவியலாளர் டெலெஸ் 1847-இல் காட்டினார். மெருகேற்றிய மேடையின் மேல்முகமும் ஒரு வெட்டுமுகமே. ஆக, கறையை எதிர்கொள்ளும் பரப்பில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு, சில பலகைகளில் ஐந்தில் ஒரு பங்கு, ரெசின்தான். மெருகேற்றும்போது மேற்பரப்பின் அமைப்பு சற்றே மாறலாம் என்பதால் இதைத் தோராயமாகவே கொள்கிறேன். ஆனால் ஏழுக்கும் பதினைந்துக்கும் உள்ள இடைவெளியை அந்தத் தோராயம் விழுங்கிவிடாது.

துடைத்த பின் நடப்பதும் இந்த வாசிப்பையே ஆதரிக்கிறது. காரம் மிகுந்த சோப்புப் பட்டால் மஞ்சள் கறை சிவந்துபோகும்; வெயில் பட்டால் வெளுக்கும். சாம்பார் சிந்திய வேட்டியைத் துவைத்தவர்களுக்கு இரண்டுமே தெரியும். வெயிலில் போய்விடுவதைக் கறை என்று எண்ணலாகாது என வாதிடுவோர் உண்டு. மேடைக்கு மேலே அலமாரி தொங்கும் அடுக்ககச் சமையலறையில் அந்த வெயில் எங்கிருந்து வரும்? மேலும், வெளுத்தல் குர்குமின் ஒளியில் சிதைவதன் விளைவு. பலகை அதை ஏற்கவே இல்லை என்பதற்கு அது சான்றாகாது. உடனே துடைக்காதது வீட்டாரின் குற்றம் என்ற வாதத்தை இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தாங்குதிறன் என்பதே துடைக்காதபோது என்ன ஆகும் என்ற கேள்விதான்.

ரெசினின் குறுக்குப்பிணைப்பு இறுக்கமாக இருந்தால் சாயம் ஆழமாகச் செல்லாது என்ற வாதம் வலுவானது. ஆழம் மிகக் குறைவாகவே இருக்கும் என நானும் கருதுகிறேன். ஆனால் வெண்பலகையில் நிறமாற்றம் கண்ணுக்குத் தெரிய ஆழம் அதிகம் வேண்டாம். கறும்பலகையில் இதே அளவு சாயம் ஏறினாலும் எவரும் அறியப்போவதில்லை. நிறத்தைக் குறிப்பிடாமல் "கறை படியவில்லை" என எழுதும் சோதனை அறிக்கைகளை இக்காரணத்தாலேயே ஐயத்தோடு படிக்கிறேன்.

பீங்கான் ஓடுகளுக்கென வகுத்த ஐஎஸ்ஓ 10545-14 முறையைக் கடன் வாங்குவதும் இக்குறையைத் தீர்க்காது. அதன் கறைப்பொருள்களில் அயோடினும் ஆலிவ் எண்ணெயும் உண்டு, மஞ்சள் இல்லை. கறை போயிற்றா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்தே அது வகைப்படுத்துகிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1 முதல் குவார்ட்ஸ் பலகைகளுக்குத் தடை வந்தது, கல்வெட்டும் தொழிலாளரின் நுரையீரலைச் சிலிக்காத் தூசு அழித்ததால். அந்தத் தடை தேவையானதே. ஆயினும் சிலிக்காவைக் குறைத்து ரெசினால் பிணைக்கும் மாற்றுப் பலகைகளுக்கும் இங்கு எழுப்பிய கேள்வி அப்படியே பொருந்தும்; ரெசினே இல்லாத சின்டர்டு கற்களுக்கு வேறு கணக்கு.

சோதிப்பது கடினமன்று. எண்ணெயில் கரைத்த குர்குமினை, அளவு குறிப்பிட்டு, வெண்பலகையின் மெருகிட்ட முகத்தில் இருட்டில் 24 மணிநேரம் வைக்க வேண்டும். நடுநிலைச் சோப்பால் கழுவி, நிறமானியால் முன்னும் பின்னும் அளக்க வேண்டும். ரெசினின் பரப்பு விகிதத்தை நுண்ணோக்கிப் படத்திலிருந்து எண்ணி, நிறமாற்றத்தோடு சேர்த்து வெளியிட வேண்டும். இரண்டும் ஒன்றாக ஏறவில்லை என்றால் என் வாதம் விழும்.