மட்டாஞ்சேரியும் நெகேவும்: கொச்சி யூதரின் அன்றாட வாழ்வு, குடிபெயர்வுக்கு முன்னும் பின்னும்

1. பொருளும் எல்லையும்

குடிபெயர்ந்தோரின் வாழ்வை அவர்கள் விட்டுவந்த ஊர் வாழ்வோடு ஒப்பிடும் எழுத்துகள் பெரும்பாலும் வருமானத்தையோ ஏக்கத்தையோதான் அளவுகோலாகக் கொள்கின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே பெரும்பரப்பு ஒன்று கிடக்கிறது. எத்தனை மணிக்கு எழுவது, எந்த எண்ணெயில் தாளிப்பது, அண்டை வீட்டாரிடம் எந்த மொழியில் கடன் கேட்பது, தொழுமிடத்தில் செருப்பை எங்கே கழற்றுவது என்பவை எல்லாம் அதில் அடங்கும். ஒரு மனிதர் தம் ஊரில் வாழ்கிறாரா, அயலூரில் வாழ்கிறாரா என்பதை இந்தச் சிறு முடிவுகளே காட்டுகின்றன என்பது என் கருத்து. அவற்றை யார் எடுக்கிறார் என்ற கேள்வியை வைத்து, கேரளத்திலிருந்து இஸ்ரேலுக்குச் சென்ற யூதரின் வாழ்வை இக்கட்டுரை ஆராய்கிறது. மையமாகக் கொள்ளும் இடம் மட்டாஞ்சேரி. ஆயினும் எர்ணாகுளம், பறவூர், சேந்தமங்கலம், மாள ஆகிய ஊர்களின் சபைகளைத் தள்ளிவைத்து மட்டாஞ்சேரியைப் பேச முடியாது. திருமண உறவும் பிணக்கும் இவ்வைந்து ஊர்களின் எட்டுச் சபைகளையும் ஒன்றாகவே கட்டிவைத்திருந்தன.

இவர்களைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. துரத்தப்பட்டவர்களின் ஒப்பீட்டில் அச்சம் கலந்திருக்கும். கூலிக்குப் போனவர்களின் ஒப்பீட்டில் திரும்பும் நாள் பற்றிய கணக்கு கலந்திருக்கும். கொச்சி யூதர்களை யாரும் துரத்தவில்லை. அவர்கள் திரும்பி வருவதற்காகவும் போகவில்லை. சமயநூல் வாக்களித்த நிலம் என்று நம்பிய இடத்துக்கு, வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள்.

2. மட்டாஞ்சேரியின் நாள்முறை

கி.பி. 1000 அளவில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவும் 72 உரிமைகளும் அதன்வழி அவருக்குக் கிடைத்தன. தமிழ்க் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு அதன் மொழி அந்நியமாகத் தோன்றாது. யூதர் இந்த மண்ணில் தங்கியது விருந்தினராக அன்று, உரிமை பெற்ற குடிகளாக என்பதற்கு அதுவே சான்று. அந்த உரிமையுணர்வு அன்றாடத்தில் எப்படிப் படிந்திருந்தது என்பதை மட்டாஞ்சேரியின் யூதத் தெருவான ஜூ டவுனில் நடந்தாலே காணலாம். 1568இல் எழுந்த பரதேசி யூதப்பள்ளி, மட்டாஞ்சேரி அரண்மனையையும் பழையன்னூர் பகவதி கோவிலையும் ஒட்டியே நிற்கிறது. 1760இல் எசக்கியேல் ரஹாபி கட்டுவித்த மணிக்கூண்டில் பள்ளியை நோக்கிய முகத்தில் எபிரேய எண்களும், அரண்மனையை நோக்கிய முகத்தில் மலையாள எண்களும் உள்ளன. ஒரே நேரத்தை அவரவர் எழுத்தில் பார்த்துக்கொள்ளும்படி அமைந்த கூண்டு அது.

பள்ளிக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நுழைந்தார்கள். தேங்காயெண்ணெய் விளக்கேற்றினார்கள். பெண்கள் முண்டு உடுத்தினார்கள். திருமணத்தில் தாலியும் இடம்பெற்றது. சனிக்கிழமை கடையடைத்தார்கள், மற்றவர்கள் அதை அறிந்து நடந்துகொண்டார்கள். எண்ணிக்கையில் மிகச் சிறுபான்மையினர் என்றாலும் தங்கள் நாளின் வரிசையைத் தாங்களே வகுத்துக்கொண்டவர்கள். 1937இல் இங்கு ஆய்வு செய்த மானிடவியலாளர் டேவிட் மேண்டல்பாம் கண்டது அந்த முழுமையைத்தான்.

இதைப் பொற்காலமாகச் சித்திரிப்பது நேர்மையாகாது. பின்னாளில் வெளிநாடுகளிலிருந்து வந்த பரதேசி யூதரில் சிலர் செல்வர்கள். மின்சார நிறுவனமும் படகுப் போக்குவரத்தும் நடத்திய கோடர் குடும்பம் அத்தகைய குடும்பங்களுள் ஒன்று. நெடுங்காலமாக இங்கே வாழ்ந்த மலபாரி யூதரில் பெரும்பாலோர் மீன், முட்டை, கோழி விற்ற சிறு வணிகர். அடிமை வழியினர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் பரதேசி பள்ளியில் சமமாக அமரவும், மறைநூலான தோராவை ஓதவும் தடுக்கப்பட்டார்கள். வழக்கறிஞர் ஏ.பி. சேலம் (1882-1967) அதை எதிர்த்துப் பள்ளிக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். ஊரார் அவரை 'யூத காந்தி' என்று அழைத்ததில் மிகையில்லை. தடைகள் தளர்ந்த பிறகும் 1950இல் அவருடைய மகன் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது, அத்திருமணம் கொச்சியில் நடக்க இயலாமல் பம்பாயில் நடந்தது.

3. புறப்பாடு

1940களின் இறுதியில் கேரள யூதர் ஏறத்தாழ 2,500 பேர். இஸ்ரேல் 1948இல் அமைந்ததும் மலபாரி சபைகள் முழுமையாகப் புறப்பட ஆயத்தமாயின. ஆனால் யானைக்கால் நோய் கொச்சியில் பரவலாக இருந்தது. அது நாட்டுக்குள் நுழைந்துவிடும் என்று இஸ்ரேலிய அதிகாரிகள் அஞ்சித் தயங்கினார்கள். மூட்டை கட்டியவர்கள் காத்திருந்தார்கள். பெரும்பான்மையோர் 1953-55 ஆண்டுகளில்தான் போக முடிந்தது. மாளச் சபையினர் 1955இல் தங்கள் பள்ளியைப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றனர். பரதேசியரோ சொத்துடையவர்கள், பணத்தை வெளிநாடு கொண்டுசெல்ல இந்திய அரசு விதித்திருந்த கட்டுப்பாடு அவர்களைத் தடுத்தது. அவர்கள் பின்னாளில், குடும்பம் குடும்பமாகப் போனார்கள்.

4. மொஷாவ்: நிலமும் நிர்வாகமும்

கொச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பீர்ஷேபா வட்டாரத்தில் 200 அளவுதான். அங்கே, நெகேவ் பாலையின் விளிம்பில் இருக்கும் நெவாதீமில், 1954இல் கொச்சி யூதர் குடியேறினர். எருசலேம் மலைச்சரிவில் மெசிலாத் ஸியோன், தாஓஸ், வடக்கெல்லையில் கஃபார் யுவால் ஆகியவையும் அவர்களது மொஷாவ்களாயின, அதாவது கூட்டுறவு வேளாண் கிராமங்களாயின. வந்தவர்களைக் கப்பலிலிருந்து நேரே கிராமத்துக்கு அனுப்புவதே அன்றைய கொள்கை. எங்கே குடியேறுவது என்பதை வந்தவர் முடிவு செய்யவில்லை.

இவர்கள் உழவர்கள் அல்லர். சந்தையில் மீனை எடைபோட்ட கைகளுக்குக் கோழிப்பண்ணையும் பழத்தோட்டமும் தரப்பட்டன. எப்போது நடுவது, எதை நடுவது, எவ்வளவு கடன், கூட்டுறவுச் சங்கத்தில் யார் கையெழுத்து என்பதையெல்லாம் குடியேற்ற அமைப்பு அனுப்பிய பயிற்றுநர்கள் தீர்மானித்தார்கள். கில்பர்ட் குஷ்னர் இத்தகைய ஒரு கொச்சி மொஷாவில் தங்கி ஆராய்ந்து 1973இல் வெளியிட்ட நூலில் அதை 'நிர்வகிக்கப்படும் சமூகம்' என்று வகைப்படுத்தினார். என் பார்வையில் இந்தக் குடிபெயர்வு குறித்த மிக முக்கியமான கண்டறிதல் அதுவே. சனிக்கிழமை ஓய்வு இப்போது நாடு முழுவதற்கும் உரியது. பண்டிகை நாள்கள் அரசு விடுமுறை. சமயத்தால் பெரும்பான்மை ஆகிவிட்டார்கள். ஆயினும் மட்டாஞ்சேரியில் தம் கையில் இருந்த அன்றாடத்தின் கடிவாளம் இங்கே அலுவலகம் ஒன்றின் கைக்குப் போயிற்று.

அவர்கள் அதில் தோற்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பசுமைக்குடிலில் மலர் வளர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் தொழிலில் கொச்சியர் தேர்ந்தார்கள். சேந்தமங்கலத்தில் பிறந்த எலியாஹு பெஸலேல் பாலைநிலத்தில் மலர்ப்பண்ணை அமைத்துப் புகழ்பெற்றார்; இந்திய அரசு 2006இல் அவருக்குப் பிரவாசி பாரதிய சம்மான் அளித்தது. தொடக்க ஆண்டுகளில் பொருளாதார வெற்றிக்கு வாய்ப்பில்லாத மக்கள் என்று எடைபோடப்பட்டவர்கள் இவர்கள். எடைபோட்டவர்களின் அளவுகோல் தவறு.

ரூபி டேனியல் (1912-2002) வாழ்வு வேறு வகை. மட்டாஞ்சேரியில் பிறந்து, படித்து, போர்க்காலத்தில் கடற்படையின் பெண்கள் பிரிவில் பணியாற்றியவர். 1951இல் வடக்கே நெயோத் மொர்தெகாய் என்ற கிப்புட்ஸில், அதாவது கூட்டுவாழ்வுக் குடியிருப்பில், சேர்ந்தார். அது சமய ஒழுக்கங்களைக் கடைப்பிடிக்காத கிப்புட்ஸ். சமயத்துக்காகத் தாய்நாட்டை விட்டு வந்த பெண், சமயமற்ற பொதுச் சாப்பாட்டுக்கூடத்தில் அன்றாடம் உண்ண நேர்ந்தது. 1995இல் ஆய்வாளர் பார்பரா ஜான்சனுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட நினைவுநூலில் மட்டாஞ்சேரித் தெருக்கள் அத்தனை நுட்பமாக விரிவதன் காரணம் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

5. அடுக்களை

சமையலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம்; அதை மிகைப்படுத்துவது எளிது. இறைச்சியோடு பாலைச் சேர்க்கக் கூடாது என்ற யூத விதிக்குக் கேரளத்தில் தேங்காய்ப்பால் வழிவிட்டது. குழம்பும் கெட்டியாயிற்று, விதியும் காக்கப்பட்டது. இஸ்ரேலில் தென்னை இல்லை. மொஷாவ் வீட்டு முற்றங்களில் கறிவேப்பிலைக் கன்று வைத்துக்கொண்டார்கள். ஆனால் முற்றத்தில் வளர்க்க முடிந்ததையும் கடையில் வாங்க முடிந்ததையும் கொண்டே சமைக்க வேண்டியிருந்ததால், சில பண்டங்கள் அன்றாடத்திலிருந்து பண்டிகைக்கு நகர்ந்தன. ஊரில் செவ்வாய்க்கிழமைச் சாப்பாடாக இருந்தது, வெளிநாட்டில் 'நம் பண்பாடு' ஆகிவிடுகிறது. டொரன்டோவின் புலம்பெயர் தமிழரிடம் இடியப்பத்துக்கும் இதுவே நேர்ந்திருக்கிறது.

6. மொழியும் பெண்களின் பாட்டும்

கேரள யூதரின் வீட்டுமொழி மலையாளம். எபிரேயம் தொழுகைக்கு. அவர்களுடைய மலையாளம் பழந்தமிழோடு நெருங்கிய வடிவங்கள் சிலவற்றைக் காத்துவந்ததை மொழியியலார் காட்டியிருக்கிறார்கள். பெண்கள் நோட்டுப் புத்தகங்களில் பாடல்களை எழுதி, தாயிடமிருந்து மகளுக்குக் கைமாற்றினார்கள். திருமணப் பாட்டு, பள்ளி கட்டிய வரலாறு, விவிலியக் கதை என்று அவை பலவகை. ஆண்கள் இருக்கும் கூட்டத்திலேயே அப்பாடல்களைப் பாடினார்கள். பெண்குரல் ஆண் காதில் விழுவதைக் கடிந்த வைதிக யூத மரபுகளோடு ஒப்பிட்டால், கேரளம் தந்த இந்த வெளி எவ்வளவு பெரியது என்பது புரியும்.

இஸ்ரேலில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். எபிரேயத்தோடு வீடு திரும்பினார்கள். ஒரு தலைமுறைக்குள் பாட்டி பாடுவது பேத்திக்கு விளங்காமல் போயிற்று. புலம்பெயர் தமிழ்க் குடும்பங்கள் இன்று அஞ்சுவதும் இதையே. ஆனால் கொச்சியரிடம் ஒரு வேறுபாடு உண்டு. புதிய மொழி அவர்களுக்கு அயல்மொழி அன்று, மறைநூலின் மொழி. ஆகவே மலையாளத்தை இழப்பதை இழப்பென்று சொல்லக்கூட அவர்களுக்கு நாக்கு எழவில்லை. புனிதத்தின் பக்கம் நகர்ந்ததாகவே அதை எண்ணும்படி ஆயிற்று. மற்றக் குடியேறிகளுக்குக் கிடைக்கும் புலம்பும் உரிமைகூட இவர்களுக்கு வாய்க்கவில்லை.

1970கள் முதல் ஷர்லி ஐஸன்பெர்க், பார்பரா ஜான்சன் முதலியோர் அந்த நோட்டுப் புத்தகங்களைத் தேடித் தொகுத்தனர். சங்கனாசேரியின் பேராசிரியர் ஸ்கறியா ஸகரியா, ஓஃபிரா கம்லியேலுடன் சேர்ந்து 2005இல் 'கார்குழலி' தொகுப்பை மலையாளத்திலும் எபிரேயத்திலும் கொண்டுவந்தார். அதற்கு முந்தைய ஆண்டு எபிரேயப் பல்கலைக்கழகத்தின் இசை ஆய்வு மையம் பாடல்களை இசைத்தட்டாக வெளியிட்டது. மூத்த பெண்கள் குழுவாகக் கூடி மீண்டும் மேடையில் பாடினார்கள். முற்றத்துப் பாட்டு மேடைப் பாட்டாவது வளர்ச்சியா தேய்வா என்ற விவாதம் தமிழ் நாட்டுப்புறவியலிலும் உண்டு. பாடியவர்களின் முகத்தில் பெருமிதம் இருந்தது. என் தராசில் அதற்கே எடை அதிகம்.

7. ஒரு பள்ளி, மூன்று இடங்கள்

கேரள யூதப்பள்ளிகளில் பெண்கள் மாடத்தை ஒட்டிய மேல்தளத்திலும் தோரா ஓதும் மேடை ஒன்று இருக்கும். வேறெங்கும் இல்லாத அமைப்பு இது. மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் பள்ளி 16ஆம் நூற்றாண்டில் எழுந்தது. தோராச் சுருள்களை வைக்கும் அதன் திருப்பேழை நெஹாலீம் மொஷாவுக்குப் போயிற்று. மரவேலைப்பாடு நிறைந்த உட்பகுதியை 1991இல் எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகம் வாங்கிச் சென்று, பறவூரின் பேழையோடு பொருத்திக் காட்சிக்கு வைத்தது. சுவர்கள் மட்டாஞ்சேரியிலேயே நின்றன. 2019 மழையில் முன்பகுதி இடிந்து விழுந்தது. பேழை தொழுகைக்கும் மரவேலை காட்சிக்கும் உரியதாக, சுவர் யாருக்கும் உரியதல்லாததாக ஆனது. பொருள்களுக்கு நேர்ந்த இப்பிரிவினை மனிதர்களுக்கும் நேர்ந்தது.

ஆதாயமும் உண்டு. பரதேசியரை வெள்ளை, மலபாரியரைக் கறுப்பு என்று பிரித்துக் கொச்சியில் எழுப்பிய மதில் இஸ்ரேலில் பொருளிழந்தது. அங்கே எல்லோரும் 'கொச்சினிம்'. சேலம் நெடுங்காலம் போராடியதை, இருதரப்பையும் அறியாத ஒரு நாடு ஒரே பெயரிட்டு அழைத்து முடித்துவைத்தது. பதிலாக ஐரோப்பிய யூதருக்குக் கீழே புதிய படி ஒன்று கிடைத்தது என்பதையும் இணைத்தே எழுத வேண்டும். பம்பாயிலிருந்து சென்ற பெனே இஸ்ரேல் சமூகத்தில் ஒரு பிரிவினர் அந்தப் பாகுபாட்டை எதிர்த்துப் போராடி 1952இல் இந்தியாவுக்கே திரும்பினார்கள்.

8. தங்கியவர்கள்

ஊர் மாறாமலே அயலாராவது சாத்தியம். பொதுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். மட்டாஞ்சேரியில் அந்த எண்ணிக்கை கூடாமற்போனபின், வெளிநாட்டுப் பயணிகளில் யூதர் வந்தால்தான் முழுத் தொழுகை நடந்தது. ஜூ டவுனில் பூவேலைத் துணி விற்ற சாரா கோஹன் 2019இல் 96ஆம் வயதில் காலமானார். முதுமையில் அவரைப் பேணியது அதே தெருவின் ஓர் இஸ்லாமியக் குடும்பம். பரதேசி பள்ளியை நிர்வகித்த குவீனி ஹலெகுவா 2024இல் மறைந்தார். சமயம் இங்கே குறைந்தது, அண்டை குறையவில்லை. நெவாதீமிலோ நிலைமை நேர்மாறு.

9. கோத்தகிரியிலிருந்து ஓர் ஒப்பீடு

தமிழ் வாசகருக்கு இதன் உடன்பிறப்பு நீலகிரியில், கோத்தகிரி போன்ற ஊர்களில் இருக்கிறது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையின் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்க வகைசெய்தது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களை அரசு 'தாயகம் திரும்பியோர்' என்று பதிந்தது. பலர் அதுவரை தாயகத்தைக் கண்டதே இல்லை. 1968இல் தொடங்கி, பின்னர் டான்டீ என்ற அரசு நிறுவனமான தேயிலைத் தோட்டங்களில் அவர்களுக்கு வேலையும் லயன் வீடும் கிடைத்தன. ஊரார் அவர்களைச் 'சிலோன்காரர்' என்றார்கள். சொந்த நிலத்துக்குத் திரும்புவதாகச் சொல்லி அழைக்கப்பட்டு, விட்டுவந்த நிலத்தின் பெயரால் அறியப்பட்டு, வேலையும் வீடும் பிறர் ஒதுக்கித் தந்தபடி வாழ்ந்த இந்த வரிசை கொச்சினிம் கதையோடு அப்படியே பொருந்துகிறது. வளைகுடாவுக்குப் போன மட்டாஞ்சேரிக்காரருக்கு ஊரில் ஒரு வீடு எழுந்துகொண்டிருக்கும்; இவ்விரு கூட்டத்தாருக்கும் அது இல்லை.

கொச்சிப் பெண்களின் நோட்டுப் புத்தகங்களைத் தேடி அறிஞர்கள் மொஷாவ் மொஷாவாக அலைந்தது, அவர்கள் குடியேறி இருபது ஆண்டுகள் ஆனபிறகு. 1970களில் ராமேஸ்வரத்தில் இறங்கியபோது முப்பது வயதாயிருந்த கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இன்று எண்பதை ஒட்டிய வயது. இலங்கையின் ஹட்டனில் எத்தனை மணிக்கு, வேலைக்கு அழைக்கும் பிரட்டுத் தப்பு அடித்தார்கள், கோத்தகிரியில் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், எந்தப் பாட்டைப் பாடுவதை எப்போது நிறுத்தினார்கள் என்று நம் பல்கலைக்கழக மாணவர்கள் அவர்களிடம் இந்த ஆண்டே போய்க் கேட்க வேண்டும்.