கயிறு இழுத்த கரை

சாளுவன்குப்பத்துக் கடற்கரையில் நின்று மேற்கே நோக்கினால் முதலில் சவுக்கும் பனையும் கண்ணிற்படும். அவற்றைத் தாண்டினால் கிழக்குக் கடற்கரைச் சாலை. சாலையையும் கடந்து இன்னும் சற்று உள்ளே நடந்தால், வடக்கு தெற்காக அசைவின்றி நீண்டு கிடக்கும் நீரொன்று எதிர்ப்படும். ஆறு என்று சொல்ல அதற்கு ஓட்டமில்லை. ஏரி என்று சொல்ல அகலமில்லை. பக்கிங்காம் கால்வாய் என்பது அதன் பெயர். இந்நீரை ஒட்டித் தெற்கே ஒரு காலைப்பொழுது நடந்தால் மாமல்லபுரத்தின் மேற்கு விளிம்பைத் தொட்டுப் பூஞ்சேரிக்குச் சேரலாம். பேருந்தில் வருவோர் கால் மணி நேரத்தில் கடந்துவிடும் தொலைவுதான். ஆயினும் 1934-இல் ஒரு கவிஞர் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு வந்த வழி, சாலை அன்று, இந்நீரே.

நடை தொடங்கும் ஊருக்கே ஒரு வரலாறு உண்டு. யாளித் தலைகள் சூழ்ந்த புலிக்குகையும், அதிரணசண்ட மண்டபமும் சாளுவன்குப்பத்தில் உள்ளன என்பதை அனைவரும் அறிவர். ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை மணலைப் பெயர்த்தபோதுதான் அங்கே ஒரு பாறையின் எழுத்துகள் வெளிப்பட்டன. தொல்லியல் துறையினர் தொடர்ந்து அகழ்ந்தபோது ஒரு முருகன் கோயிலின் அடித்தளமும், அதற்கும் கீழே அதனினும் பழைய செங்கற் கட்டடமும் கிடைத்தன. ஊரின் பழம்பெயர் திருவிழிச்சில் என்பதும், கோயிலில் விளக்கெரிக்கப் பொன் கொடுத்தோர் பெயர்களும் அக்கல்வெட்டுகளால் தெரியவந்தன. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு விளக்குக்குப் பொன் ஈந்தவர் யார் என்பது இன்று நமக்குத் தெரிகிறது. இதை மனத்திற் கொண்டு கால்வாய்க் கரைக்கு வருதல் நன்று.

அதே பேரலையின்போது, உட்புகுந்த கடல்நீரில் ஒரு பகுதியை இக்கால்வாய் தன்னுள் வாங்கிப் பின்னர் முகத்துவாரங்கள் வழியே கடலுக்குத் திருப்பி விட்டது என்றும், அதனால் கால்வாய்க்கு மேற்கே இருந்த ஊர்கள் ஓரளவு காக்கப்பட்டன என்றும் ஆய்வாளர் எழுதினர். படகு போவதற்கென வெட்டப்பட்ட ஒன்று, படகெல்லாம் ஓய்ந்த பின்னர் இப்படி ஒரு நாள் பயன்பட்டது.

கால்வாயின் கதை சென்னைக்கு வடக்கே தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற் சில ஆண்டுகளில் பேசில் காக்ரேன் என்னும் ஆங்கிலேய வணிகர் தம் பொருளைச் செலவிட்டுச் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் அமைத்தார்; 1806-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. காக்ரேன் கால்வாய் என்றே அது வழங்கியது. (இவரே பின்னர் இலண்டனில் ஆவிக் குளியல் நிலையம் வைத்து நடத்தியவர். நீராலும் நீராவியாலும் பொருளீட்டிய மனிதர் எனலாம்.) 1837-இல் கும்பினி அரசு அதனைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கே பழவேற்காடு ஏரி வரையிலும், அதனையும் கடந்து கிருஷ்ணா நதியின் கழிமுகத்தில் உள்ள பெத்தகஞ்சம் வரையிலும், தெற்கே மரக்காணம் வரையிலும் அது படிப்படியாக வளர்ந்தது. சென்னைக்கு வடக்கே 315 கிலோமீட்டர், தெற்கே 103 கிலோமீட்டர் என்பது கணக்கு.

இதனை முழுவதும் மனிதர் வெட்டிய வாய்க்கால் என்று எண்ணிவிடக் கூடாது. சோழமண்டலக் கடற்கரையில் மணல்மேடுகளுக்குப் பின்னே இயல்பாகவே கழிகளும் காயல்களும் வரிசையாகக் கிடந்தன. ஒரு கழிக்கும் அடுத்த கழிக்கும் நடுவேயிருந்த நிலத்தை வெட்டி இணைத்ததே பெரும்பாலும் நடந்த பணி. ஆதலால் இதில் நிற்பது மலைநீர் அன்று. ஓதத்தில் ஏறி இறங்கும் உப்புநீர். ஆறுகள் குறுக்கிடும் இடங்களில் நீர்மட்டத்தைக் காக்க மதகுகள் அமைத்தனர். படகு உள்ளே வந்ததும் ஒரு கதவை மூடி, நீரை ஏற்றியோ இறக்கியோ, மறு கதவைத் திறந்து விடுவர். முகத்துவாரம் மணலால் அடைபட்டால் கால்வாயில் நீர் குன்றும். வெள்ளம் வந்தால் வண்டல் நிறையும். கட்டி முடித்த நாள் முதலே இக்கால்வாய் தூர்வாருவோரை நம்பியே உயிர் வாழ்ந்தது.

உப்பு, நெல், விறகு, சுண்ணாம்புக்கான கிளிஞ்சல் ஆகியவையே இதில் பெரும்பான்மையாகச் சென்ற சரக்குகள். சங்கப் பாடல்களில் உமணர் உப்பு மூட்டைகளை வண்டியில் ஏற்றி, எருதுகள் பெருமூச்சு விட மேட்டு நிலம் நோக்கிச் சென்றனர். கோவளத்து உப்பளங்களின் உப்போ வண்டியை விட்டுத் தோணிக்கு ஏறியது. சென்னை நகரத்து அடுப்புகளுக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாக் காடுகளிலிருந்து விறகு வந்தது. கடற்கரை நெடுக வளர்த்த சவுக்கும் வந்தது. இன்று சாளுவன்குப்பத்துப் பக்கம் நடப்போருக்கு நிழல் தரும் சவுக்கை, கடலோர அழகுக்காக யாரும் இந்நாட்டுக்குக் கொண்டுவரவில்லை. அது எரிப்பதற்கென்று வந்த மரம். மயிலாப்பூரில் தண்ணீர்த்துறைச் சந்தை என்று ஒரு சந்தை உண்டு. அங்கே இப்போது துறையும் இல்லை, தோணியும் இல்லை. காய்கறி மட்டும் உண்டு. பெயர் மட்டும் பழைய தோணிகளை நினைவிற் கொண்டிருக்கிறது.

வடபகுதியையும் தென்பகுதியையும் இணைத்த துண்டு சென்னை நகரின் உள்ளே, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே உள்ளது. நீளம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்தான். ஆனால் அதன் வரலாறு மற்றெல்லாப் பகுதியினும் கனமானது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877-78-இல், பஞ்ச நிவாரண வேலையாக அது வெட்டப்பட்டது. ஊரை விட்டு நடந்து நடந்து சென்னைக்கு வந்து சேர்ந்தவர்கள் கூடையும் மண்வெட்டியும் ஏந்திய காலம் அது. நிவாரணச் செலவைக் குறைக்கவென்று அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், 1877-இன் தொடக்கத்தில், வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என வகுத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மண் சுமக்கும் உடலுக்கு இது போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுத்தில் வாதாடினார். பல இடங்களில் கூலிகள் வேலைக்கு வர மறுத்தனர். சில மாதங்களுக்குப் பின் அளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் மாண்டவர் மாண்டனர்.

சாளுவன்குப்பத்துக்கும் பூஞ்சேரிக்கும் இடைப்பட்ட இக்கரையைப் பஞ்சக் கூலிகள் வெட்டினர் என்று எழுதினால் அது உணர்ச்சிக்கு உகந்ததாகுமேயன்றி வரலாறு ஆகாது. அவர்கள் வெட்டியது நகரத்துத் துண்டையே. ஆயினும் அத்துண்டு இல்லையேல், இக்கரையோரம் சென்ற தோணி அடையாற்றைத் தாண்டி நகரின் நடுவே புகுந்திருக்க இயலாது. பணி முடிந்த 1878-இல் கால்வாய் முழுவதற்கும் அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது. அவர் 1875 முதல் 1880 வரை சென்னையில் ஆளுநராய் இருந்தவர். டெம்பிளின் கூலிக் குறைப்பை அவரது அரசு உவந்து ஏற்கவில்லை என்பதையும் நடுநிலையுடன் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு கூடை மண்ணும் அவர் சுமந்ததில்லை. சுமந்தவர் ஒருவர் பெயரேனும் கரையில் எங்கும் பொறிக்கப்படவில்லை.

கரையில் நடக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: நீரோரமாக ஓடும் அந்த ஒற்றையடிப் பாதை. அது மாடு மேய்ப்போர் மட்டும் இட்ட தடமன்று. காற்று வாய்த்தால் தோணி பாய் விரித்துச் செல்லும். வாய்க்காத பொழுது மூங்கிற் கழி ஊன்றித் தள்ளுவர். கரையில் ஒருவர் நீண்ட கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு தோணியை இழுத்தபடி நடப்பார். இழுப்பவர் நடப்பதற்காகவே கரை விடப்பட்டது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை பயணம் செய்வோர் மாலையில் ஏறி, இரவு முழுதும் உறங்கி, விடியலில் இறங்குவர். அவர் உறங்கிய இரவெல்லாம் கரையில் ஒருவர் நடந்துகொண்டிருந்தார்.

இதனைக் கண்டவர் பாரதிதாசன். 1934-இல் ஜீவானந்தம், குருசாமி, குஞ்சிதம், மயிலை சீனி. வேங்கடசாமி முதலிய நண்பர்களுடன் அவர் இக்கால்வாய் வழியே படகில் மாமல்லபுரம் சென்றார். அப்பயணமே ‘மாவலிபுரச் செலவு’ என்னும் கவிதை ஆயிற்று. அக்கவிதையில் கால்வாய் புதுச்சேரி வரை நீள்கிறது. அரசாங்கக் கணக்கில் மரக்காணத்தோடு நின்றுவிடுகிறது. இடையே 30 கிலோமீட்டருக்கு மேல் உண்டு. புதுவைக் கவிஞர் தம் ஊர் வரை நீரை இழுத்துக்கொண்டதில் குற்றம் காண்பார் யார்?

கவிதையின் உயிர் வேறோரிடத்தில் உள்ளது. இரவின் எழிலும் நண்பர் கூட்டத்தின் களிப்புமாகத் தொடங்கிய பாட்டு, கயிறு கட்டி இழுப்பவனையும் கழி கொண்டு தள்ளுபவனையும் கண்டதும் திசை மாறுகிறது. சிற்பம் காணச் சென்றவரின் உள்ளம் சிற்பத்தை அடையுமுன்னே வேறொன்றில் தைத்து நின்றுவிட்டது. மாமல்லபுரத்தைப் பற்றி எழுதியோர் பலர். உடன் சென்ற மயிலை சீனி. வேங்கடசாமியே பின்னர் அங்குள்ள பெரும்பாறைச் சிற்பம் சமணக் கதையைக் காட்டுவது என வாதிட்டு ஒரு நூல் எழுதினார். ஆனால் அவ்வூருக்குத் தம்மைக் கொண்டு சேர்த்தவர்களைப் பாட்டின் நடுவே நிறுத்தியவர் பாரதிதாசனே. மக்கள் கவி என்னும் சொல்லைப் பலருக்கும் எளிதில் சூட்டிவிடுகிறோம். இந்தப் படகுப் பயணத்தை ஒருமுறை படித்தபின் சூட்டுவது நல்லது.

கயிறு இழுத்தவர்களின் தொழில் அடுத்த தலைமுறையில் அற்றுப்போயிற்று. வடக்கே 1899-இல் முழுமை பெற்ற சென்னை - விசயவாடா இருப்புப் பாதை கால்வாயின் சரக்கைக் குறைத்தது. சாலையும் சரக்குந்தும் எஞ்சியதைப் பறித்தன. 1965, 1966 ஆண்டுகளின் புயல்கள் கரைகளையும் மதகுகளையும் சிதைத்தபின் கால்வாய் எழவேயில்லை. நகரத்துக்குள் அதன் நீரிலேயே தூண் நட்டுப் பறக்கும் இரயில் பாதை போட்டனர். 1995-இல் அதன் முதற்பகுதியில் வண்டியும் ஓடிற்று. பஞ்சத்தில் வெட்டிய அதே துண்டின் மேல்தான் அத்தூண்களுட் பல நிற்கின்றன. 2008-இல் இக்கால்வாயையும் உள்ளடக்கிய வழி தேசிய நீர்வழி எண் 4 என அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்தது, சாளுவன்குப்பத்துப் பக்கம் சரக்குத் தோணி வரவில்லை. நாரையும் கொக்கும் அதனால் வருந்தியதாகத் தெரியவில்லை.

தெற்கே நடந்து மாமல்லபுரத்தை அணுகுகையில், ஊரின் மேற்கு விளிம்பில் வலையன்குட்டை இரதமும் பிடாரி இரதங்களும் நிற்கின்றன. சுற்றுலாக் கூட்டம் இங்கு மிகுதியாக வருவதில்லை. மூன்றுமே முடிவு பெறாதவை. மேலே விமானம் வடிவு கொண்டிருக்க, கீழே உளி பாதியில் நின்ற பாறை அப்படியே இருக்கிறது. முடிந்த சிற்பத்தில் சிற்பியின் கை மறைந்துவிடும். முடியாததில்தான் அது தெரியும். எந்தத் திசையிலிருந்து எவ்வளவு ஆழம் கொத்தினான், எங்கே கை ஓய்ந்தான் என்பதையெல்லாம் இங்கே கண்ணால் பின்தொடரலாம்.

பாலத்தைக் கடந்தால் பூஞ்சேரி. இவ்வூரில் நொண்டி வீரப்பன் தொட்டி என மக்கள் வழங்கும் பாறையில் பல்லவர் கால எழுத்தில் சில பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், சாதமுக்கியன், கலியாணி, திருவொற்றியூர் அபாஜர், கொல்லன் ஸேமகன் என அவை படிக்கப்பட்டுள்ளன. மாமல்லபுரத்தில் வேலை செய்தோரின் பெயர்கள் இவை என்பது அறிஞர் கருத்து. அரசன் பெயர் இல்லை; கொடையும் இல்லை; வாழ்த்தும் இல்லை. பட்டியலில் ஒரு கொல்லன் இருப்பது கருதத்தக்கது. கருங்கல்லில் உளி நாள்தோறும் மழுங்கும். நாள்தோறும் காய்ச்சி அடித்துக் கூராக்க ஒருவர் வேண்டும். சிற்பிகளோடு ஒருவராக அவரும் தம் பெயரைப் பாறையில் பெற்றார். திருவொற்றியூர்க்காரர் ஒருவர் தம் ஊரையும் சேர்த்தே வெட்டுவித்திருக்கிறார். பன்னிரண்டு நூற்றாண்டு கழித்து அத்திருவொற்றியூரை ஒட்டித்தான் காக்ரேனின் முதற் கால்வாய் எண்ணூருக்குச் சென்றது.

அப்பாறையிலிருந்து கால்வாய்க் கரை நடக்கும் தொலைவே. 1934-இல் கவிஞரின் படகை இழுத்து வந்தவரும், கழி ஊன்றித் தள்ளியவரும், பயணிகளை இறக்கிவிட்டபின் மறுபடி சென்னை நோக்கி அதே கரையில் நடந்திருப்பர். அவர்கள் இருவர் பெயரும் பாட்டிலும் இல்லை.