முழுகுகிற நாள்

வவுனியா நகரத்து அழகு நிலையங்களில் இப்போது சூடான எண்ணெயால் தலையைத் தேய்த்துவிடுகிறார்கள், மூலிகை ஆவி பிடிக்கவைக்கிறார்கள், முகத்துக்குப் பயத்தமா பூசுகிறார்கள். காசு கொடுத்து அதைப் பெறுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்று தோன்றுவதே நல்லதுதான். ஆனால் அந்தச் சேவைகள் ஒவ்வொன்றும் எங்கள் நெளுக்குளத்து வீடுகளில் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் நடுவில் நடந்தவை. முப்பது வருடத்துக்கு மேல் மனைப்பொருளியல் படிப்பித்த எனக்கு அந்த முறைகளை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. எண்ணெய், அரப்பு, இலை எல்லாம் இன்றைக்கும் தேடினால் கிடைக்கும். அவற்றோடு சேர்ந்திருந்த இரண்டுதான் போய்விட்டன: வேலை செய்யவேண்டாம் என்று விடப்பட்ட அரைநாளும், தேய்த்துவிடுகிற இன்னொருவரின் கையும்.

எங்கள் பக்கம் ஊர்ப் பெயர்களே தண்ணீரின் பெயர்கள். நெளுக்குளம், வேப்பங்குளம், பூவரசங்குளம், இலுப்பைக்குளம். மாரியில் குளம் வான் பாயும்போது ஆண்கள் துருசடியில் குளிப்பார்கள். பெண்கள் குறுக்குக்கட்டோடு அலைகரையில் இறங்குவார்கள். ஆவணி வர குளத்தில் சேறுதான் மிஞ்சும். பிறகு துலாக் கிணறே கதி. ஆங்கிலேய அதிகாரி ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களைப் பற்றி 1895இல் எழுதிய கைநூலில் வருகிற வன்னி, காட்டுக்கும் காய்ச்சலுக்கும் நடுவில் குறைந்த சனம் சீவித்த நிலம். 1940களின் நடுவில் டி.டி.டி. தெளிக்கத் தொடங்கும் வரை மலேரியா இங்கே வீட்டுக்கு வீடு இருந்தது. அதனால்தான் எங்கள் ஆட்களுக்குக் குளிப்பில் அவ்வளவு சட்டதிட்டம். காய்ச்சல்காரருக்குத் தலையில் தண்ணீர் படக்கூடாது. காய்ச்சல் விட்டு, கஞ்சி செமித்து, நாக்கில் ருசி திரும்பிய பிறகுதான் முதல் முழுக்கு. அந்த முழுக்கோடுதான் ஒருவர் சுகமாகிவிட்டார் என்று வீடு ஏற்றுக்கொள்ளும்.

எண்ணெய் என்றால் நல்லெண்ணெய். சித்திரை மழையோடு மேட்டுக்காணியில் விதைக்கும் எள்ளு, தண்ணீர் குறைந்த காலத்திலும் காய்க்கும். அதன் எடையில் பாதிக்குக் கிட்ட எண்ணெய்தான் என்பதால் ஏழை வீட்டுக்கும் ஒரு போத்தல் தேறியது. அம்மம்மா அதை அப்படியே தலையில் வைக்கமாட்டா. இரும்புத் தாச்சியில் விட்டு, இரண்டு மிளகு, கொஞ்சம் நற்சீரகம், ஒரு உள்ளிப்பல்லு போட்டு, மிளகு வெடிக்கிற சத்தம் கேட்டவுடன் இறக்குவா. கைபொறுத்த சூடு வந்ததும் உச்சியில் ஒரு கை. பிறகு காதுக்குள் ஒரு துளி, தொப்புளில் ஒரு துளி, உள்ளங்காலில் தாராளமாக. இன்றைய வைத்தியர்கள் காதுக்குள் எண்ணெய் விடவேண்டாம் என்கிறார்கள். அவர்கள் சொல்வதையே கேட்கவேண்டும்.

ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும். எண்ணெய் வைத்த பிறகு வெயில் ஏறுமட்டும் திண்ணையில் இருக்கவேண்டும். வேலை எதுவும் செய்யக்கூடாது. "பிள்ளை, இரு. இண்டைக்கு உனக்கு ஒரு வேலையும் இல்லை" என்று அம்மம்மா என் அம்மாவுக்குச் சொன்னது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. மற்ற நாளெல்லாம் விடியப்புறம் எழும்பி நெல்லுக்குத்தி, மாடு பார்த்து, எட்டுப் பேருக்குச் சமைத்த அம்மாவுக்கு அது உத்தரவு. தானாக ஓய்வு கேட்டிருந்தால் "என்ன சோம்பல்" என்று நாலு பேர் கேட்டிருப்பார்கள். முழுக்கு என்ற பெயரில் வந்ததால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் பெண்களுக்கு ஓய்வை வாங்கிக்கொடுத்த வழக்கம் இது. மருத்துவக் குணங்களை எல்லாம் விட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

எண்ணெயைப் போக்குவதற்கு அரப்பு. இலுப்பைப் பிண்ணாக்கை இடித்து, சீயாக்காயும் வெந்தயமும் சேர்த்து அவித்து, தேசிக்காய் பிழிந்து, அம்மியில் மையாக அரைப்பார்கள். வவுனியாக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினம். சுண்ணாம்புச் சத்தோடு சவர்க்காரம் சேர்ந்தால் நுரை வராது, தலையில் பிசுக்காகப் படியும். இலுப்பையிலும் சீயாக்காயிலும் உள்ள சப்போனினுக்கு அந்தச் சிக்கல் இல்லை. வகுப்பில் இதை இரண்டு கோப்பையில் கலக்கிக் காட்டுவேன். பாட்டிமார் சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று பிள்ளைகள் நம்பியது அந்தக் கோப்பைகளைப் பார்த்த பிறகுதான்.

பிள்ளை பெற்ற பெண்ணுக்கு நடந்தது இதைவிடப் பெரிய ஏற்பாடு. நொச்சி, ஆடாதோடை, பாவட்டை, வேப்பிலை, ஆமணக்கிலை எல்லாம் பெரிய கிடாரத்தில் கொதிக்கும். மருத்துவிச்சி அந்த வேதுத் தண்ணீரை ஆற்றி, இடுப்பிலும் அடிவயிற்றிலும் படும்படி வார்ப்பா. பிறகு தலைமுடியைச் சாம்பிராணிப் புகையில் காயவைப்பார்கள். முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியும்வரை அந்தப் பெண்ணுக்கு வேலை கிடையாது. கிட்டத்தட்ட இதே மூலிகை ஆவியையும் உடம்பு பிடித்துவிடுவதையும் பட்னாவில் பிறந்த சேக் டீன் மகமது இங்கிலாந்தின் பிறைட்டன் கடற்கரை நகரத்துக்குக் கொண்டுபோனார். 1814இல் அங்கே குடியேறி, குளியல் நிலையம் நடத்தி, அரச குடும்பத்துக்கே கைவைத்தியம் செய்தார். இன்றைக்கு நகரத்து விளம்பரப் பலகைகளில் மேல்நாட்டுப் பெயரோடு வருவதில் ஒரு பங்கு இந்தப் பக்கத்திலிருந்து போனதுதான்.

கலியாணத்துக்கு முன்னர் பால் அறுகு வைத்து முழுகவார்ப்பது, வருடப்பிறப்புக்குப் பஞ்சாங்கம் குறித்த நேரத்தில் மருத்துநீர் வைப்பது, கடைசியில் பிரேதத்துக்கும் எண்ணெயும் அரப்பும் வைப்பது என்று வாழ்க்கை முழுக்க இந்தக் கைகள் தலையைத் தொட்டுக்கொண்டே இருந்தன.

இதை எழுதும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. எல்லாருக்கும் கிணறு இருக்கவில்லை. வட பகுதியில் சாதி பார்த்துக் கிணற்றுக் கட்டில் ஏறவிடாமல் வைத்திருந்தார்கள். வாளியோடு தள்ளி நின்று, யாராவது அள்ளி ஊற்றுவார்களா என்று காத்திருந்தவர்கள் இருந்தார்கள். தீண்டாமைக்கு எதிரான சட்டம் 1957இல்தான் வந்தது, மனம் மாற அதற்குப் பிறகும் காலம் எடுத்தது. ஒருவர் ஓய்வாக இருந்த அந்த அரைநாளில் துலாவை மிதித்துத் தண்ணீர் அள்ளியவரின் களைப்பும் அந்த வழக்கத்தின் வரலாறுதான்.

சவர்க்காரம் மெல்ல மெல்ல உள்ளே வந்தது. லீவர் பிரதர்ஸ் 1938இல் கொழும்பில் தொழிற்சாலை போட்ட பிறகு சன்லைற் கட்டி சந்தைக் கடைகளில் சாதாரணமானது. நான் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் சம்பூ பக்கெற்றும் வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் குளிப்பு முடியும் என்று ஆனதும், அரைநாளைக் கேட்கப் பெண்களுக்குக் காரணம் இல்லாமல் போயிற்று.

பிறகு யுத்தம். தாண்டிக்குளத்துக்கு அப்பால் போகும் சாமான்களுக்குத் தடை இருந்த 1990களில் புதுக்குடியிருப்பில் இருந்த என் தங்கை வீட்டில் சவர்க்காரம் அபூர்வம். பனங்காயைப் பிசைந்து அந்தக் களியில் உடுப்புத் தோய்த்தார்கள். தலைக்கு மறுபடியும் அரப்பு வந்தது, விருப்பத்தால் அல்ல. 2009இல் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட சனம் வவுனியாவைச் சுற்றிய முகாம்களுக்குள் வந்தபோது அதுவும் இல்லை. அந்த முகாம்களில் ஒன்று செட்டிகுளத்துக்குப் பக்கத்தில் இருந்த மெனிக் பாம். நிவாரண வேலைக்கான சர்வதேச அளவுகோல் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர் என்கிறது, குடிக்க, சமைக்க, கழுவ எல்லாவற்றுக்கும் சேர்த்து. எண்ணெய் வைத்த ஒரு தலைக்கே பத்து வாளி வேண்டும்.

தங்கையின் மகள் மெனிக் பாமிலிருந்து வெளியில் வந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். பேனுக்குப் பயந்து தலைமுடியைக் கழுத்தளவில் வெட்டியிருந்தார்கள். முதல் வாரம் அவளைத் தொடவே விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை தானாகவே வந்து கிணற்றடிக் கல்லில் இருந்தாள். நான் எண்ணெய் காய்ச்சினேன். உச்சியில் கை வைத்ததும் அவளுடைய தோள் இரண்டும் இறுகின. நான் ஒன்றும் கேட்கவில்லை, தேய்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் முறை அரப்பு வைத்தபோதுதான் தோள் தளர்ந்தது. "பெரியம்மா, இன்னும் கொஞ்சம்" என்றாள். அது தவிர அன்றைக்கு அவள் பேசவில்லை. மத்தியானம் மிளகு இரசமும் சோறும் சாப்பிட்டாள். மெனிக் பாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்ட செய்தி வந்தபோது அவள் ரியூற்றரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ஸ்காபரோவிலிருக்கும் என் மகள் வேலை முடிந்து களைத்து வந்து, "அம்மா, வீட்டிலேயே எப்பிடிச் செய்யலாம்?" என்று தொலைபேசியில் கேட்கிறாள். வாசனை மெழுகுதிரியும் பாட்டும் வைத்தால் வைக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. நான் சொல்வது இதுதான். எண்ணெய் பட்டால் அந்தக் குளியல் தொட்டி வழுக்கும், அதற்குள் நிற்காதே, ஒரு முக்காலியைப் போட்டு இரு. எண்ணெயைச் சூடாக்கித் தேய்க்கும் வேலையை மருமகனிடம் கொடு. அன்று காலையில் சமைக்காதே, போனை வேறு அறையில் வை. அவர் முதலில் கூச்சப்பட்டாராம். இப்போது ஒரு சனிக்கிழமை அவளுக்கு அவர் தேய்ப்பதும் அடுத்த சனிக்கிழமை அவருக்கு அவள் தேய்ப்பதுமாக நடக்கிறது. இலுப்பைப் பிண்ணாக்கு அங்கே கிடைக்கவில்லை. பயத்தமாவும் ஊறவைத்து அரைத்த வெந்தயமும் போதும், தேசிக்காய் மட்டும் குறைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.