இந்திரசாலம்: இராமசாமி முதல் சர்க்கார் வரை



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் எங்கள் பாசிர் ரிஸ் வட்டாரத்தில் புளோக்குகளின் கீழ்த்தளங்களில் பிறந்தநாள் விழாக்களுக்குக் குறைவிராது. அவற்றுள் சிலவற்றில் தொப்பியணிந்த மாயவித்தைக்காரர் ஒருவரையும் காணலாம். ‘மேஜிக்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல் என்று தொடக்கநிலை மாணவர்கள் வினவும்போது நான் மூன்று சொற்களைக் கரும்பலகையில் எழுதுவது வழக்கம். கண்கட்டுவித்தை, செப்பிடுவித்தை, இந்திரசாலம். இம்மூன்றுள் செப்பிடுவித்தை என்பதே எனக்கு மிகவும் உவப்பானது. செப்பு என்றால் சிறு கிண்ணம் அல்லது சிமிழ். கிண்ணங்களைக் கவிழ்த்து, உள்ளிருந்த உருண்டையை மறையச்செய்து, வேறொன்றினடியில் தோன்றச்செய்யும் தெருவித்தையே அந்தச் சொல்லுக்குப் பிறப்பிடம்.

அந்த வித்தையைக் கடல்கடந்து கொண்டுசென்றவர்களுள் ஒருவர் சென்னைப் பகுதியைச் சேர்ந்தவர் எனக் கருதப்படும் இராமசாமி. ஆங்கிலேயர் வாயில் அவர் ‘ராமோ சாமி’ ஆனார். 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் இலண்டன் மேடைகளில் தோன்றிய இந்திய வித்தைக்காரர் குழுக்களின் வழியே அவர் புகழ்பெற்றார். வாளை விழுங்கினார், பாசிமணிகளையும் குதிரைமயிரையும் தனித்தனியே விழுங்கி, மணிகள் கோக்கப்பட்ட சரமாக வாயிலிருந்து வெளியே இழுத்தார். 1819-இல் அமெரிக்காவிலும் ஆடினார். அக்காலத்து இந்திய வித்தைக்காரர்கள் நான்கு பித்தளை உருண்டைகளை ஒருசேர எறிந்து பிடித்ததைக் கண்டு வியந்த கட்டுரையாளர் வில்லியம் ஆஸ்லிட், 1821-இல் வெளிவந்த தம் நூலில் அவர்களைப் பற்றி ஒரு முழுக் கட்டுரையே எழுதிவைத்தார். ஆயினும் இராமசாமி 1850-இல் வறுமையில்தான் மறைந்தார். அவரை அடக்கம் செய்யவும் பொருளின்றி, அவர் மனைவி செய்தித்தாள் வழியே உதவி கோர நேர்ந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலைநாட்டார் இவ்வித்தைகளை விரும்பினர்; இவற்றைச் செய்தவரை அவ்வளவாக மதித்தாரல்லர். ஐரோப்பியர் செய்தால் அது ‘மேடை மாயக்கலை’, இந்தியர் செய்தால் ‘வித்தைக்காரன் விளையாட்டு’. 1890-இல் சிகாகோ நாளேடு ஒன்று, இந்தியாவில் கயிறு தானே வானில் எழும்ப அதன்மேல் சிறுவன் ஏறி மறைந்ததாக ஒரு கட்டுக்கதையை வெளியிட்டது. சில மாதங்களில் அது புனைவென்று அந்த ஏடே ஒப்புக்கொண்டது. கதையோ உலகெங்கும் பரவி நிலைத்துவிட்டது. 1934-இல் இலண்டன் மாயக்கலைஞர் கழகம் அதைச் செய்து காட்டுவோர்க்கு 500 கினி பரிசு அறிவித்தும் கழகத்தார் ஏற்கும்படி எவரும் செய்து காட்டவில்லை.

இந்த மதிப்பீட்டைத் தலைகீழாக்க முயன்றவர் பி. சி. சர்க்கார். இன்றைய வங்காளதேசத்தின் தாங்காயில் பகுதியில் 23 பிப்ரவரி 1913-இல் பிறந்தவர். முழுப்பெயர் பிரதுல் சந்திர சர்க்கார். கணிதம் பயின்றவர். வங்கத்தின் மூத்த வித்தைக்காரரான கணபதி சக்கரவர்த்தியிடம் கலையைக் கற்றார். ஆங்கிலத்தில் மந்திரவாதியைக் குறிக்கும் ‘சார்சரர்’ என்னும் சொல்லை ஒத்திருக்குமாறு தம் குடும்பப் பெயரின் எழுத்துகளைச் சற்றே மாற்றிக்கொண்டார். உலகின் தலைசிறந்த மாயக்கலைஞர் என்று தமக்குத் தாமே பட்டமும் சூட்டிக்கொண்டார். தன்னடக்கத்தைப் பாடமாக நடத்தும் எனக்கு இது சற்று நெருடலே. ஆனால் இராமசாமியின் முடிவை எண்ணிப்பார்த்தால், தம்மைத் தாமே உயர்த்திச் சொல்லாத இந்தியக் கலைஞரை அக்காலத்தில் வேறு யார் உயர்த்திச் சொல்லியிருப்பர் என்று கேட்கத் தோன்றுகிறது.

அவர் தம் நிகழ்ச்சிக்கு இட்ட பெயர் ‘இந்திரஜால்’. நம் இந்திரசாலமேதான். சாலம் என்றால் வலை; இந்திரன் விரிக்கும் வலை. தெருவோரத்துச் செப்புகளிலிருந்து மிகத் தொலைவு வந்துவிட்ட மேடை அது: அரண்மனைத் திரைகள், இசைக்குழு, எண்ணற்ற உடைகள், பெரும் துணைக்குழு. நடுவே தலைப்பாகையும் இறகும் பளபளக்க மகாராஜா கோலத்தில் சர்க்கார். மெய்யான மகாராஜாக்கள் நாட்டாட்சியை இழந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு நடுத்தரக் குடும்பத்து வங்காளி அவ்வுடையை அணிந்து உலகைச் சுற்றிவந்தார் என்பது வரலாற்றின் குறும்புகளுள் ஒன்று. கண்களை மாவாலும் துணியாலும் மூடிக்கொண்டு, பார்வையாளர் கரும்பலகையில் எழுதியதைப் படிப்பார். ‘இந்திய நீர்’ என்ற வித்தையில், கவிழ்த்து வெறுமையாக்கிய குடுவையிலிருந்து நிகழ்ச்சி நெடுகிலும் மீண்டும் மீண்டும் நீர் ஊற்றுவார்.

அவர் பெயரை மேலைநாட்டில் வீடுதோறும் கொண்டுசேர்த்தது 9 ஏப்ரல் 1956 இரவு. பிபிசியின் ‘பனோரமா’ நிகழ்ச்சி நேரலையாக ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. தீப்தி தே என்னும் 17 வயதுத் துணைக்கலைஞரை மயக்கநிலையில் மேசையில் கிடத்தி, சுழலும் வட்டரம்பத்தால் இடையில் அறுத்தார் சர்க்கார். பெண்ணை அறுக்கும் வித்தை புதிதன்று. 1921-இலேயே செல்பிட் என்பவர் அதை இலண்டனில் நடத்திவிட்டார். ஆனால் அவர் பெண்ணைப் பெட்டிக்குள் வைத்து அறுத்தார். இங்கே பெட்டி இல்லை. அறுத்த பின் சர்க்கார் அப்பெண்ணை எழுப்ப முயன்றார், அவர் அசையவில்லை. தலையை அசைத்து, அவர் முகத்தைக் கறுப்புத் துணியால் மூடினார். அந்தக் கணத்தில் தொகுப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி கேமராவின் முன் வந்து நிகழ்ச்சி முடிந்தது என்றார். தொலைக்காட்சியில் ஒரு பெண் கொல்லப்பட்டதைக் கண்டதாக எண்ணிய மக்களின் அழைப்புகளால் பிபிசியின் தொலைபேசி இணைப்புகள் திணறின. தீப்திக்கு ஒன்றும் நேரவில்லை என்று பின்னர் அறிவிக்க வேண்டியதாயிற்று.

நேரம் போதவில்லை என்பதே அப்போது சொல்லப்பட்ட காரணம். நொடிக்கணக்குத் தவறாது பணியாற்றும் கலைஞர் ஒருவருக்கு நேரம் மட்டும் தவறிப்போயிற்று என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. மறுநாள் நாளேடுகளின் முதற்பக்கங்கள் அவருடையவை. அவர் ஆடவிருந்த டியூக் ஆஃப் யார்க் அரங்கின் இருக்கைகளும் நிரம்பின. பெற்றோர் என்ற நிலையில் அந்த இரவை எண்ணினால், வீட்டிலிருந்து பார்த்த குழந்தைகளின் அச்சமும் என் நினைவுக்கு வருகிறது. கலைஞரின் துணிவை வியக்கும் அதே வேளையில், அவ்விலையைக் கொடுத்தவர்கள் பார்வையாளர்களே என்பதையும் மாணவர்களிடம் சொல்லவே செய்கிறேன்.

1964-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 6 ஜனவரி 1971-இல் ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், பயணத்தின் இடையே மாரடைப்பால் காலமானார். அகவை 57. மகன் பிரதீப் சந்திர சர்க்கார் அங்குச் சென்று தந்தையின் நிகழ்ச்சிகளைத் தொடர்ந்தார். இளைய சர்க்கார் எனப் பெயர்பெற்ற அவர் 2000-ஆம் ஆண்டில் தாஜ்மகாலையே சிறிது நேரம் மறையச்செய்து காட்டினார். எனக்கென்னவோ, அவ்வளவு பெரிய பளிங்கு மாளிகை மறைந்ததைவிட, மூத்தவரின் அந்தச் சிறு தண்ணீர்க் குடுவைதான் பிடித்திருக்கிறது.