ஆறுமணிக்குருவி: சென்னைக் கட்டடங்களில் ஒதுங்கும் வலசைப் பறவை

ஆறுமணிக்குருவி என்பது இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் கூடு கட்டி, குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்கும், ஏறத்தாழ 19 செ.மீ. நீளமும் குட்டை வாலும் உடைய பன்னிறப் பறவையாகும். விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கையாய்க் குரலெழுப்புவதால் இப்பெயர் பெற்ற இது தோட்டக்கள்ளன் என்றும் வழங்கப்படுகிறது. அறிவியல் பெயரிலுள்ள ‘பிட்டா’ என்பது சிறு பறவையைக் குறிக்கும் தெலுங்குச் சொல். பாடும் பறவைகளுக்கு உறவாயினும், குரலுறுப்பின் தசையமைப்பு எளிதாயிருப்பதால் பறவையியலார் இதனை அவற்றோடு சேர்ப்பதில்லை.

பருவந்தோறும் இடம்பெயரும் வலசையின்போது இப்பறவை சென்னைக் கட்டடங்களுக்குள் வந்து சேர்வது கண்ணாடி மாளிகைகளின் காலத்தில் தொடங்கியதன்று. 1836-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்த தாமஸ் ஜெர்டன், 1862 முதல் 1864 வரை வெளிவந்த இந்தியப் பறவைகள் பற்றிய தம் நூலில், தாம் முதன்முதலில் கண்ட ஆறுமணிக்குருவி சென்னைப் பொது மருத்துவமனையில் தஞ்சம் புகுந்திருந்தது என்றும், பின்னர் நெல்லூரிலும் அவ்வாறு ஒதுங்கிய பல பறவைகள் உயிருடன் கிடைத்தன என்றும் பதிவு செய்தார். கோடைத் தொடக்கத்தில் மேற்கிலிருந்து வீசும் வலிய காற்று, பறக்கும் ஆற்றல் குறைந்த இப்பறவைகளைக் கிழக்குத் தொடர்ச்சி மலையிலிருந்து அடித்து வருவதாகவும், அவை குடிசையோ கொட்டகையோ அகப்பட்ட இடத்தில் ஒதுங்குவதாகவும் அவர் கருதினார். ஆண்டுக்கு இருமுறை நாட்டின் நெடுக்கைக் கடக்கும் பறவையை ஆற்றல் குறைந்தது என்பது பொருந்தாது. ஆயினும், களைத்த பறவைக்கு அன்றைய கட்டடம் அடைக்கலமாக இருந்தது என்பதற்கு அக்குறிப்பு நல்ல சான்று.

இன்றைய கட்டடம் அவ்வாறில்லை. வலசைப் பறவைகளுள் பல, விண்மீன்களையும் புவியின் காந்தப் புலத்தையும் கொண்டு திசையறிந்து இரவில் பறப்பவை. மாடி விளக்குகள் அவற்றை ஈர்த்துத் தடுமாறச் செய்ய, மரத்தையும் வானத்தையும் எதிரொளிக்கும் கண்ணாடியை வெற்றிடமென்று எண்ணி அவை மோதுகின்றன. 2023 அக்டோபரில் சிகாகோ நகரின் ஒரே கட்டடத்தில் ஓரிரவில் ஏறத்தாழ ஆயிரம் பறவைகள் மோதி மடிந்தது இதன் கொடுமையைக் காட்டும்.

கட்டடங்களுக்கு நடுவிலும் ஒதுங்க இடமுண்டு. சென்னையில் கோபாலபுரத்தை ஒட்டிய கதீட்ரல் சாலையில், 1835-இல் தோன்றிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டம் முன்பு மர நிழலைத் தந்தது; 2010-இல் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்கா இன்று தருகிறது. சருகைக் கிளறிப் பூச்சியும் புழுவும் தேடும் ஆறுமணிக்குருவிக்கு அத்தகைய நிழலே வேண்டும். சிமெண்டுத் தளமிட்டுப் பெருக்கித் துடைத்த வளாகம் எவ்வளவு தூய்மையாயினும் அதற்குப் பயன்படாது.

மாடிப்படியிலோ பால்கனியிலோ இப்பறவை கிறங்கிக் கிடக்கக் காண்போர், வாயில் நீர் ஊற்றாமல், துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டும் அமைதியுமான இடத்தில் வைத்து, தெளிந்ததும் மரச்செறிவுள்ள இடத்தில் விடவேண்டும். காயமுற்றிருந்தால் வனத்துறையிடம் ஒப்படைக்கவேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதனைக் கூண்டிலடைத்து வளர்ப்பது குற்றமாகும்.